செக்ஸ் பழக்கம் கைமீறிவிட்டது என்றால்: யாரிடம் போவது, என்ன சொல்வது, வீட்டில் எப்படிப் பேசுவது

ராத்திரி இரண்டு மணி வரை ஃபோனில் ஆபாசப் படம் பார்த்துவிட்டு மறுநாள் வேலையில் தூங்கி வழிகிறவர், இனிமேல் இல்லவே இல்லை என்று எல்லா ஆப்பையும் அழித்துவிட்டு இரண்டு நாளில் திரும்ப இறக்கிக்கொள்கிறவர், சம்பளத்தில் பெரும்பகுதியைப் பணம் கட்டிப் பேசும் வீடியோ காலுக்கும் மசாஜ் சென்டருக்கும் கொட்டிவிட்டு வீட்டில் கணக்குச் சொல்ல முடியாமல் முழிக்கிறவர், இதெல்லாம் ஒருநாள் தெரியவந்து இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் கணவன் அல்லது மனைவி: இவர்களுக்காகத்தான் இது. இணையத்தில் தேடினால் வெளிநாட்டுச் சிகிச்சை மையங்களின் விளம்பரம்தான் அதிகம் வரும். அதெல்லாம் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. நம் ஊர் அரசு மருத்துவமனை ஓபியிலேயே ஆரம்பிக்கலாம். கஷ்டம் எங்கே என்றால், அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து முதல் வாக்கியத்தைச் சொல்வதில். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது அதுதானா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதைக் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்ற பெயரில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மது, சூதாட்டம் மாதிரி அடிமைத்தனம் என்ற தலைப்பில் வைக்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் இது தனி நோயாக இல்லை. "செக்ஸ் அடிக்‌ஷன் என்று ஒன்றும் கிடையாது" என்று ஒரு மருத்துவரும், "கண்டிப்பாக உண்டு" என்று இன்னொருவரும் சொன்னால் குழம்ப வேண்டாம். பெயரில்தான் சண்டை. உங்கள் கஷ்டம் உண்மை என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருக்காது.

மருத்துவர் பார்ப்பது சுமாராக இவற்றை: ஆறு மாதமோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப நடக்கிறதா, நிறுத்தவோ குறைக்கவோ பலமுறை பார்த்தும் முடியவில்லையா, தூக்கம் வேலை குடும்பம் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டதா, வேலை போகும் நிலை வந்தும், மனைவி பெட்டியைக் கட்டியும் தொடர்கிறதா, முன்பிருந்த சுகம்கூட இல்லாமல் பழக்க தோஷத்தில் செய்கிறீர்களா. இதில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "வாரத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் போனால் நோய்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அதே ஐசிடி-11 இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. தப்புப் பண்ணிவிட்டோம் என்ற ஒழுக்க உறுத்தல் மட்டும்தான் உங்கள் வேதனை என்றால், இந்த நோய் இருப்பதாகச் சொல்ல அது போதாது. நம் ஊரில் இதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். சுய இன்பம் நோய் இல்லை. விந்து போனால் ரத்தம் போன மாதிரி, நரம்பு தளரும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனாலும் அந்தப் பயத்திலேயே உடம்பு மெலிந்து மன அழுத்தத்தில் விழுந்தவர்கள் நிறைய. அவர்களுக்கும் உதவி வேண்டும்தான், வேறு விதமான உதவி. ஓரினச் சேர்க்கை விருப்பமும் நோய் இல்லை. அதை "மாற்றித் தருகிறேன்" என்று கூப்பிடுகிற மருத்துவர் செய்வது தொழில் முறைகேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவிலிருந்து வந்தது அது.

இன்னொரு சின்ன ஆனால் முக்கியமான விஷயம். இந்த மாற்றம் திடீரென்று வந்ததா? இருமுனைக் கோளாறில் மனம் உச்சத்துக்குப் போகும் நாட்களில் செக்ஸ் ஆசையும் செலவும் தாறுமாறாக ஏறும், தூக்கமே தேவைப்படாது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் திடீரென இப்படி மாறினால் வீட்டில் அசிங்கப்படுத்துவதற்கு முன்னால் அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மனநோய்க்குத் தரும் அரிப்பிப்ரஸோல் பற்றியும் 2016-ல் அமெரிக்க மருந்துத் துறை இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

எங்கே போகக் கூடாது

லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருமுறை முகாம் நடத்துகிற "செக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்", பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், இளமையில் செய்த தவறுக்குத் தீர்வு என்று ராத்திரி டிவியில் வருபவர்: இவர்களில் யாரிடமும் வேண்டாம். உங்கள் பிரச்சினை ஆசை அடங்காதது, அவர்கள் விற்பது ஆசையைக் கூட்டும் லேகியம். இதைவிடப் பொருத்தமில்லாத வைத்தியம் இருக்க முடியாது. பாலியல் குறைகளுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது, யார் கேட்கிறார்கள்.

பூட்டி வைக்கிற போதை மறுவாழ்வு இல்லங்களும் இதற்கு வேண்டாம். இத்தனை நாள் தொடாமல் இருந்தால் புது மனிதன் ஆகிவிடுவாய் என்ற இணையச் சவால்கள் சிலருக்கு ஆரம்ப உந்துதல் கொடுக்கலாம், ஆனால் ஒருநாள் வழுக்கினால் எல்லாம் போச்சு என்று அன்றைக்கே ராத்திரி முழுக்கப் பார்க்க வைப்பதும் அதே சவால்தான். அப்புறம், "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, சரியாகிவிடும்" என்று சொல்கிற பெரியவர்கள். ஆகாது. இன்னொரு ஆளின் வாழ்க்கையும் சேர்ந்து மாட்டும், அவ்வளவுதான். பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றால், சிகிச்சை தொடங்கி ஓரளவு பிடி கிடைக்கும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, யாரிடம்?

முதல் சந்திப்பு மனநல மருத்துவரிடம், அதாவது சைக்கியாட்ரிஸ்டிடம் இருப்பது நல்லது. எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டியோ டிஎன்பியோ டிபிஎம்மோ படித்தவர். மன அழுத்தம், பதற்றம், இருமுனைக் கோளாறு, கவனம் நிலைக்காத ஏடிஹெச்டி, குடி இவற்றில் ஏதாவது அடியில் இருக்கிறதா என்று இவர் பார்த்துச் சொல்வார். இருந்தால் அதையும் சேர்த்து வைத்தியம் பார்க்காமல் பழக்கம் மட்டும் தனியாக அடங்காது.

பேச்சு சிகிச்சையைத் தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர் மருந்து எழுத முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆர்சிஐ இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். முறையாகப் படித்தவர் கோபிக்க மாட்டார், கோபித்தால் அதுவே பதில். கவுன்சிலர், லைஃப் கோச், செக்ஸ் கோச் என்ற பலகையை நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இடங்கள்: தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை உண்டு, மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல ஓபி நடக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. "கீழ்ப்பாக்கமா!" என்று சினிமா காமெடி கேட்டு வளர்ந்த நமக்குத் தொண்டை அடைக்கும், ஆனால் அங்கே ஓபி சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். பெங்களூரு போக முடிந்தவர்களுக்கு நிம்ஹான்ஸில் 2014-லிருந்து ஷட் கிளினிக் என்று தொழில்நுட்பப் பழக்கத்துக்கான தனிப் பிரிவு இருக்கிறது; இணைய ஆபாசப் படம்தான் உங்கள் முதன்மைப் பிரச்சினை என்றால் அது பொருந்தும்.

நேரில் போக இன்னும் தைரியம் வரவில்லையா? 14416. டெலிமானஸ் என்ற மத்திய அரசின் இலவச எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முகம் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டால், மருத்துவரிடம் சொல்வது பாதி சுலபமாகிவிடும்.

தனியாரிடம் போவதானால் முன்பதிவுக்கு ஃபோன் செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "பாலியல் பழக்கம் சம்பந்தப்பட்ட பிரச்சினைகளை டாக்டர் பார்ப்பாரா? கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிடம்?" வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் ஆணாக இருக்க வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும் என்று விருப்பம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லலாம். பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை வரும், அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு. 42 நாடுகளில் எண்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர் இந்தக் கோளாறுக்கான அதிக ஆபத்தில் இருந்தார்கள். அவர்களில் சிகிச்சை தேடியவர்கள் ஏழில் ஒருவர்தான்.

போவதற்கு முந்தைய வாரம்

ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். எந்த நேரத்தில், எங்கே, அதற்குச் சற்று முன் மனதில் என்ன ஓடியது (சண்டை, வெறுமை, மேலதிகாரி திட்டியது, தூக்கம் வராதது), எவ்வளவு நேரம் போனது, எவ்வளவு பணம் போனது. என்ன பார்த்தீர்கள் என்ற வர்ணனை வேண்டாம். கூடவே, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், குடி, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா, எப்போதிலிருந்து இந்தப் பழக்கம். சிறு வயதில் உங்களுக்கு யாராவது தொல்லை கொடுத்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள், முதல் நாளே சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

அரசு ஓபியில் கூட்டமாக இருக்கும், மேஜையைச் சுற்றிப் பயிற்சி மாணவர்கள் நிற்பார்கள், பக்கத்து நாற்காலியில் வேறொரு நோயாளி உட்கார்ந்திருப்பார். "சார், கொஞ்சம் தனியாகப் பேசணும்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் சீட்டில் எழுதி நீட்டுங்கள். வாக்கியம் இந்த மாதிரி இருக்கட்டும்: "ஆபாசப் படம் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை, இரண்டு வருஷமாக இருக்கிறது, வேலையும் குடும்பமும் கெடுகிறது, உதவி வேண்டும்." தூக்கம் வரவில்லை, தலைவலி என்று சுற்றிவளைத்தால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, ஓபியில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம்.

யாருக்காவது சொல்லிவிடுவார்களா?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் விவரம் ரகசியம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் மனைவிக்கோ அப்பாவுக்கோ கம்பெனிக்கோ சொல்லக் கூடாது. விதிவிலக்கு உண்டு: உங்களுக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மருத்துவரும் அதில் அடக்கம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். குழந்தைகளை வைத்து எடுத்த காட்சிகளைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதற்கு மாறாக இருந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. உங்கள் பழக்கம் அந்தப் பக்கம் போயிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள், சிகிச்சைக்கும் போங்கள். மூன்றும் தேவை.

சிகிச்சை என்றால் என்ன நடக்கும்

படுக்க வைத்துக் கனவைக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ உட்கார்ந்து, உந்துதல் எங்கிருந்து கிளம்புகிறது, அது தணியும் வரையான நேரத்தை எப்படிக் கடப்பது, அந்த நேரத்தில் கை எதைத் தேடுகிறது என்று துண்டு துண்டாகப் பார்ப்பார்கள். நீங்கள் எழுதிய நோட்டு இங்கேதான் உதவும். ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது, ராத்திரி டேட்டாவை அணைப்பது, பணம் கட்டும் ஆப்பில் வரம்பு வைப்பது என்று சாதாரண ஏற்பாடுகள் நிறைய இருக்கும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும், செய்யுங்கள். உந்துதல் வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வேறு காரியத்தைத் தொடரப் பழக்கும் முறையும் உண்டு, ஆபாசப் பழக்கத்தில் அது பலருக்கு உதவுகிறது.

இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மன அழுத்த மருந்துகளும், குடிப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோனும் சிலருக்குத் தரப்படுகின்றன. முதல் வகை ஆசையையும் உச்சத்தையும் மந்தமாக்கலாம், திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் வரும். நால்ட்ரெக்ஸோனுக்கு முன்னால் கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மருந்து கொடுத்தால் எதற்கு, எத்தனை மாதம் என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் வழுக்குவீர்கள், அநேகமாக எல்லோரும் வழுக்குவார்கள். அடுத்த சந்திப்பை ரத்து செய்யாமல் போய் அதையே சொல்லுங்கள்.

வீட்டில்

சிகிச்சையைவிடச் சிக்கலான பகுதி இது. செய்தவருக்கு ஒரு பழக்கம் போக வேண்டும், மற்றவருக்கு இத்தனை வருஷம் கூட வாழ்ந்தது யாரோடு என்ற கேள்வி. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துத் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் தீராது. ஆளுக்கொரு ஆலோசகர் முதலில், தம்பதிக்கான அமர்வு அதற்குப் பிறகு என்றால் நல்லது. பணமோ தூரமோ இடம் கொடுக்காவிட்டால் ஒரே ஆலோசகரிடம் தனித்தனி நேரமாவது கேளுங்கள்.

வெளியில் யாருடனாவது உடலுறவு இருந்திருந்தால், பேச்சு வார்த்தைக்கெல்லாம் முன்னால் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும், எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் தடுப்பு மருந்து உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும், தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஆரம்பத்தில் எடுத்த சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்வார்கள். அதுவரை துணையோடு ஆணுறை இல்லாமல் கூடாதீர்கள், காரணம் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவர் உடம்பைப் பற்றிய உண்மை அவருக்குச் சேர வேண்டியது.

மற்றதைச் சொல்வதற்கு நேரம் பார்க்கலாம். சண்டையின் நடுவில் கொட்டாதீர்கள், குழந்தைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது வேண்டாம், பிரசவம் ஆகி இரண்டு வாரத்தில் வேண்டாம். முடிந்தால் ஆலோசகர் முன்னிலையில். மோசமான வழி ஒன்று உண்டு: இன்றைக்குக் கொஞ்சம், பிடிபட்டால் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் என்று தவணையில் சொல்வது. செய்த காரியம் உடைத்ததைவிட அந்தத் தவணை அதிகமாக உடைக்கும். என்ன வகை, எவ்வளவு காலம், எவ்வளவு பணம், உடல்நல ஆபத்து உண்டா, தெரிந்தவர் யாராவது சம்பந்தப்பட்டிருக்கிறார்களா: இவ்வளவும் ஒரே தடவையில். எந்தக் காட்சி, எப்படி என்ற விவரம் கேட்டாலும் ஆலோசகரிடம் கலந்துவிட்டுச் சொல்லுங்கள், கேட்டவர் மனதில் அது படமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி துணைக்கு. நீங்கள் அழகாக இல்லாததாலோ "கவனிக்காததாலோ" இது வரவில்லை, மாமியார் எப்படிச் சொன்னாலும். தினமும் அவர் ஃபோனைச் சோதிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதத்தில் உங்கள் தூக்கம்தான் போகும். வாராவாரம் சிகிச்சைக்குப் போனாரா, வங்கிக் கணக்கு இரண்டு பேருக்கும் தெரிகிறதா என்று வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்வது வேறு, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திரும்பப் படுக்கையில் சேரலாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், "மறுத்தால் மறுபடி போய்விடுவேன்" என்று அவர் சொன்னால் அது மிரட்டல். அடி, கட்டாயம் என்று போனால் பெண்களுக்கான உதவி எண் 181. சேர்ந்து வாழ்வதா என்று முதல் மாதத்திலேயே முடிவெடுக்கச் சொல்லி இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்காருவார்கள். பஞ்சாயத்தைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர், வாயை மூடிக்கொண்டு கேட்கக்கூடிய இவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதும்.

வீடியோ காலைப் பதிவு செய்துவிட்டோம், பணம் அனுப்பு என்று யாராவது மிரட்டுகிறார்களா? அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் நிற்காது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். அசிங்கம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 14416, அல்லது தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சிநேகாவின் 044-24640050. பக்கத்தில் யாரையாவது உட்காரச் சொல்லுங்கள், காரணம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் மருத்துவர் ஒத்துவராமல் போகலாம். பிரசங்கம் செய்தால், சிரித்தால், "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். மூன்று நான்கு சந்திப்பு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு மாறுவதும் தவறில்லை. மாறும்போது பழைய ஓபி சீட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.